மறுமொழி: 1870-களின் டெக்சாஸ் கௌபாய் பாத்திரம்

வணக்கம். 1870-களின் டெக்சாஸில் நிகழும் உங்கள் சிறுகதையில் கௌபாய் வெறும் துப்பாக்கிச் சண்டைக்காரனாகவே வருகிறான், அவனுக்கு உயிரூட்டுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அவனுடைய வேலையிலிருந்து தொடங்குங்கள்.

2,000, 3,000 மாடுகளைப் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே, நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மைல் வீதம், கான்சாஸின் இரயில் நிலையங்கள்வரை மாதக்கணக்கில் ஓட்டிச் சென்றார்கள். மாதக் கூலி 30, 40 டாலர்தான். ஏறிய குதிரை பெரும்பாலும் முதலாளியுடையது, சேணம் மட்டுமே சொந்தம் என்பதால், அதை விற்க நேர்வது அவனுக்குப் பெரும் அவமானம்.

இரவுக் காவலை அவசியம் விரித்து எழுதுங்கள். முறைவைத்து இருவர், மந்தையைச் சுற்றி எதிரெதிர்த் திசையில் மெதுவாக வலம் வந்தபடி, மாடுகள் மிரளாதிருக்கத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு மின்னல் வெட்டினால் போதும், வெறிகொண்டு ஓடும் மந்தையை இருட்டில் முந்திச் சென்று வளைத்துத் திருப்ப வேண்டும். என்னைப் பொறுத்தவரை, எந்தத் துப்பாக்கிச் சண்டையையும்விட இதுவே பெரிய வீரம்.

குணத்துக்குப் போஸ் ஐகார்டைப் பாருங்கள். அடிமையாகப் பிறந்த இக்கறுப்பினத்தவரிடம்தான் மாட்டுப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட், பயணங்களில் தம் பணத்தை நம்பி ஒப்படைத்தார். ஐகார்ட் 1929-இல் மறைந்தபின் குட்நைட் நாட்டிய கல்லறைக் கல், அவர் கடமையிலிருந்து ஒருபோதும் நழுவியதில்லை, ஆணையை மீறியதில்லை என்கிறது.

கதை 1880-களுக்கு நீண்டால், திறந்தவெளி மேய்ச்சலை அடைத்த முள்கம்பி வேலியையும் மறவாமல் சேருங்கள்.