மாடு வாங்க நகையை வைக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை, சம்பளம் 19,000 ரூபாய். தினமும் பைக்கில் போய் வருகிறார். நான் ஜாக்கெட் தைத்து மாதம் 5,000 சம்பாதிக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேர். தெரிந்தவரிடம் 50,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வட்டி மட்டும்தான் கட்ட முடிகிறது. இனி கடைக்குப் போவதைக் குறைத்துத் தற்சார்பாக வாழ வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம். 3 பவுன் நகையை வைத்துப் பொய்கை சந்தையில் ஒரு கறவை மாடு வாங்கலாமா? 6,000 ரூபாய்க்கு மாடித் தோட்ட செட் விற்கிறார்கள், அதையும் வாங்கலாமா? எண்ணெயை மரச்செக்கில் ஆட்டிக்கொண்டால் மிச்சமாகுமா? இப்போதே பிள்ளைகளின் பாலை அரை லிட்டராகக் குறைத்துவிட்டேன்.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பாலைப் பழையபடி வாங்குங்கள். பிள்ளைகளின் டம்ளரில் பிடிக்கும் பணம் எந்தக் கடனையும் அடைக்காது. மற்றதைப் பிறகு பேசலாம்.

மூன்று வட்டி என்றால் 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. இரண்டு வருடத்தில் 36,000 கொடுத்துவிட்டீர்கள். அசல் இன்னும் அப்படியே நிற்கிறது. உங்கள் வீட்டில் மாதாமாதம் அதிகப் பணம் ஒழுகும் ஓட்டை இதுதான். மாடும் செடியும் செக்கும் இதற்கு அப்புறம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் அப்பா கிணற்று மோட்டாருக்காக 8,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினார். ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் 240 ரூபாய் கொடுத்துவிட்டு, அம்மா தன் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடுவார். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. 41 கோடுகள். கூட்டிப் பார்த்தால் 9,840 ரூபாய், வாங்கின அசலைவிட அதிகம். அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் கத்தரிக்காயும் முருங்கையும் கொல்லையில் காய்த்தன, கேழ்வரகு சொந்த நிலத்தில் விளைந்தது. காய்கறிக்கு நாங்கள் காசு கொடுத்ததே இல்லை. அப்படி இருந்தும் அந்த 240 ரூபாய்தான் எங்களை எழ விடவில்லை.

அதனால் நகையை வையுங்கள், ஆனால் மாட்டுக்கு வேண்டாம், இந்தக் கடனை அடைக்க. இன்றைய தங்க விலைக்கு ஒன்றரை பவுன் வைத்தாலே 50,000 கிடைத்துவிடும், மீதி வீட்டில் இருக்கட்டும். வங்கி நகைக் கடனுக்கு வருடத்துக்கு 9 முதல் 10 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வட்டியாகக் கொடுக்கும் அதே 1,500 ரூபாயை மாதாமாதம் வங்கியில் கட்டினாலே மூன்றேகால் வருடத்தில் அசலும் வட்டியும் தீர்ந்து நகை கைக்கு வந்துவிடும். கூட 2,000 சேர்த்து 3,500 கட்ட முடிந்தால் பதினைந்து பதினாறு மாதம்தான். நடுவில் கட்டும் பணத்தை அசலில் வரவு வைப்பார்களா, வருடம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். பழைய கடனைத் தீர்த்த அன்றே கொடுத்த பத்திரத்தையோ புரோநோட்டையோ கையோடு திருப்பி வாங்கிவிடுங்கள். இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

சரி, அந்த 2,000 எங்கிருந்து வரும்?

பெரிய தொகை பெட்ரோலில் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் போய் வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மாதம் 25 நாள், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் 30 லிட்டர், 3,000 ரூபாய். குடியாத்தம், ஆம்பூர் இரண்டுமே காட்பாடி–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருக்கும் ஸ்டேஷன்கள். மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருப்பதால் அதுவரை பைக்கில் போகட்டும். ஷிப்ட் நேரத்துக்கு வண்டி ஒத்து வராவிட்டால், கம்பெனி பஸ் உங்கள் பக்கம் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் அதே கம்பெனிக்குப் போகும் இன்னொருவரோடு பைக்கைப் பங்கு போட்டாலும் பாதி மிச்சம்.

அடுத்தது மாவு. நீங்கள் எழுதாவிட்டாலும் கேட்கிறேன்: பாக்கெட் மாவு வாங்குகிறீர்களா? ரேஷன் புழுங்கல் அரிசி இலவசம். இட்லிக்கும் தோசைக்கும் அது நன்றாகவே இருக்கும். 800 கிராம் அரிசிக்கு 200 கிராம் உளுந்து போட்டால் இரண்டரை கிலோ மாவு வரும். உளுந்துக்கு ஆகும் செலவு 25, 30 ரூபாய். அதே மாவைக் கடையில் வாங்கினால் 100 ரூபாயைத் தாண்டும். வாரம் இரண்டு தடவை அரைத்தால் மாதம் 600 ரூபாய் நிற்கும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைப்பதையும் விடாதீர்கள். வரிசையில் நிற்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

செக்கு எண்ணெய்க்கு வருகிறேன். நம் பக்கம் மணிலா, அதாவது வேர்க்கடலை, விளையும் பூமி, ஆசை வருவது இயல்பு. ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். கிலோ 120 என்றால் 300 ரூபாய், ஆட்டுக்கூலி தனி. புண்ணாக்கை விற்றாலும் மில் எண்ணெய் விலைக்கு வராது. நல்ல எண்ணெய்தான், மனதாரச் சொல்வேன். ஆனால் அதைச் சிக்கனக் கணக்கில் எழுதாதீர்கள். புளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது வருடத்துக்கு மொத்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைத்தால் அடுத்த சீசன் வரை கடைக்குப் போக வேண்டாம். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான்.

தோட்ட செட் வேண்டவே வேண்டாம். பழைய அரிசிச் சாக்கு, பக்கத்து வீட்டு மாட்டுச் சாணம், கொஞ்சம் செம்மண் போதும். சித்திரை வெயிலில் மாடியில் செடி வைத்தால் இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும், அப்படியும் கருகும். ஆடியில் ஆரம்பியுங்கள். கீரை, மிளகாய், கூடவே நம் ஊர் இலவம்பாடி முள்கத்தரி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கத்தரி அது. நன்றாகப் பழுத்த ஒரு காயை விதைக்கு விட்டால் அடுத்த வருட விதைக்கும் காசு தேவையில்லை.

இப்போது மாடு. எட்டு லிட்டர் கறக்கும் கலப்பின மாடு, லிட்டர் 37 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 296 ரூபாய். அதற்குத் தீவனம் ஐந்து கிலோ 140, வைக்கோல் 40, பசுந்தீவனம் 20 கிலோ வெளியில் வாங்கினால் 80. மொத்தம் 260. மிஞ்சுவது 36 ரூபாய். அதிலிருந்து நகை வட்டி, வைத்தியம், வருடத்தில் இரண்டு மாதம் பால் வற்றும் காலத்துத் தீனி எல்லாம் போக வேண்டும். உங்கள் தையல் நேரமும் அதில் கரையும். ஒரு ஜாக்கெட் தைக்கும் கூலியை அந்த 36 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டின் உண்மையான தற்சார்பு அந்தத் தையல் மெஷினில்தான் இருக்கிறது.

மருத்துவச் செலவு பற்றி எழுதவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. கணவரின் சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம், அதாவது சுமார் 143 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கலாம். உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் அதில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். வங்கிக்குப் போகும் அன்றே வருடத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டிலும், 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டிலும் அவரைச் சேர்த்துவிடுங்கள். இரண்டும் தலா 2 லட்சத்துக்கு.

நகை திரும்பி வந்த பிறகும் மாட்டு ஆசை இருந்தால், முதலில் பசுந்தீவனம் போட உறவில் யாருடைய நிலமாவது, 20 சென்ட் அளவுக்காவது, தண்ணீரோடு கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் எழுதுங்கள். அன்றைய பால் விலையை வைத்து மேலே போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.