அம்மாவுக்கு ஒரே ஜிபி வேண்டும், கேட்டால் தருவார்களா?

கிழக்கு லண்டனில் இருந்து ஒரு வாசகி கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன்: "அம்மாவுக்கு 78 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஜிபிதான் (குடும்ப டாக்டர்), தனியாக சர்ஜரி (கிளினிக்) நடத்திய தமிழ் டாக்டர். அவர் ரிட்டையர் ஆனதும் எங்களைப் பக்கத்தில் இருக்கிற பெரிய ஹெல்த் சென்டரோடு சேர்த்துவிட்டார்கள். போன தடவை பார்த்தவரை இந்தத் தடவை பார்க்க முடிவதில்லை. டாக்டர் கேட்டால் பார்மசிஸ்டைத் தருகிறார்கள். போன் எடுக்கும் பெண் என்ன வருத்தம், எத்தனை நாளாக என்று விசாரிக்கிறார். வேறு சர்ஜரிக்கு மாறிவிடலாமா? ஒரே டாக்டரைக் கேட்டுப் பெற வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது. மாறுவதற்கு அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் நீங்கள் போகிற அடுத்த இடமும் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும். ஜிபி சர்ஜரிகளின் நிர்வாகப் பக்கத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பணம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அங்கே யாரிடம் எதைக் கேட்பது என்பது தானாகவே விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் பழைய கதை. (நான் சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கானவை, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தம் வேறு.)

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், ஜிபி சர்ஜரி என்பது பிரிட்டனின் அரசாங்க மருத்துவ சேவையான என்.எச்.எஸ்-இன் கிளை அலுவலகம் இல்லை. அது பெரும்பாலும் சில டாக்டர்கள் பங்குதாரர்களாக நடத்தும் ஒரு சிறு தொழில், என்.எச்.எஸ்-உடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். 1911-இல் அப்போதைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்புறுதிச் சட்டத்திலேயே இதன் விதை இருக்கிறது: சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு மட்டும் டாக்டர், டாக்டருக்குத் தன் பட்டியலில் இருக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் பணம். மனைவி பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடையாது. 1948-இல் என்.எச்.எஸ் தொடங்கியபோது எல்லோரையும் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள், ஆனால் அரசாங்கச் சம்பளக்காரர்களாக மாற டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சங்கம் போர்க்கொடி தூக்கியது, கடைசியில் அமைச்சர் அனயூரின் பெவன் அவர்களைச் சுயதொழிலாகவே விட்டுவிட்டார். இன்றைக்கும் அப்படித்தான். உங்கள் அம்மா பட்டியலில் இருப்பதற்காக அந்த சர்ஜரிக்கு வருகிற அடிப்படைத் தொகை வருடத்துக்குச் சுமார் 120 பவுண்டு, வயதையும் நோய்ச்சுமையையும் வைத்துக் கூட்டிக் குறைப்பார்கள். அவர் ஒரு தடவை போனாலும் முப்பது தடவை போனாலும் அந்தத் தொகை மாறாது.

இந்தத் தலைக்கணக்கில் ஒரு விபரீதம் இருந்தது. டாக்டர் ஒரு நர்ஸை வைத்தாலோ நல்ல கட்டடம் எடுத்தாலோ செலவு அவர் பையிலிருந்து, வருமானமோ அதேதான். அதனால் வீட்டு முன்னறையில் நோயாளியைப் பார்த்து, மனைவி போன் எடுத்து, இரவில் கூப்பிட்டாலும் தானே கிளம்பிப் போகும் ஒற்றை டாக்டர்தான் அப்போது வழக்கம். 1950-இல் ஜோசப் காலிங்ஸ் என்ற மருத்துவர் நாடு முழுக்கப் பல சர்ஜரிகளைச் சுற்றிப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதிய அறிக்கை அந்த நிலையைப் போட்டு உடைத்தது. சில இடங்கள் நோயாளிக்கே ஆபத்து என்கிற அளவுக்கு மோசம். 1966-இல்தான் புதிய ஒப்பந்தம் வந்து வாடகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஊழியர் சம்பளத்தில் 70 சதவீதத்தையும் கொடுத்தார்கள், டாக்டர்கள் சேர்ந்து குழுவாக நடத்தினால் கூடுதல் படி என்றார்கள். ரிசப்ஷனிஸ்டும் பிராக்டிஸ் நர்ஸும் பரவலாக வந்தது அதற்கப்புறம்தான்.

ஆனாலும் தனி டாக்டர்கள் ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. லண்டனின் ஏழைப் பகுதிகள், வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகள், வடக்கின் ஆலை நகரங்கள், இங்கெல்லாம் உள்ளூர்க்காரர்கள் போக விரும்பாத இடங்களை இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில் இருந்து வந்த டாக்டர்கள் எடுத்து நடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) பதவி அவர்களுக்கு லேசில் கிடைக்காதது அதற்கு ஒரு பெரிய காரணம். உங்கள் அம்மாவின் பழைய டாக்டரும் அந்த வரிசையில் வந்தவராக இருக்கலாம். அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றபோது தனியாக எடுத்து நடத்த இளைய டாக்டர்கள் முன்வரவில்லை. கட்டடம், ஊழியர், கடன், பரிசோதனை அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டிய காகிதம் என்று எல்லாவற்றையும் ஒருவர் தலையில் ஏற்றிக்கொள்வது இன்று பைத்தியக்காரத்தனம்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வரும் வருடம், 2004. அதுவரை உங்கள் அம்மா ஒரு டாக்டரின் பட்டியலில் இருந்தார். அந்த வருடத்துப் புதிய ஒப்பந்தம் டாக்டரோடு இல்லை, சர்ஜரியோடு. பட்டியலும் சர்ஜரிக்குப் போய்விட்டது. "என் டாக்டர்" என்பது சட்டப்படி "என் சர்ஜரி" ஆனது அன்றைக்குத்தான், யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. அதே ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஒரு டாக்டருக்குச் சுமார் 6,000 பவுண்டு வருமானத்தை விட்டுக்கொடுத்தால் இரவு, வாரக்கடைசிப் பொறுப்பை கைகழுவலாம் என்றும் வந்தது, பெரும்பாலோர் கைகழுவினார்கள். இன்னொன்று, 1,050 புள்ளிகள் கொண்ட ஒரு தரக் கணக்கு: சர்க்கரை நோயாளிக்குப் பாதம் பார்த்தாயா, பிரஷர் எடுத்தாயா, ரத்தம் எடுத்தாயா, ஒவ்வொன்றுக்கும் புள்ளி, புள்ளிக்குப் பணம். புள்ளிகளின் எண்ணிக்கை பிறகு குறைந்துவிட்டது, முறை தொடர்கிறது. உங்கள் அம்மாவுக்கு வருடா வருடம் கடிதம் வந்து நர்ஸ் கூப்பிடுவது அதனால்தான், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். பழைய காலத்து அன்பான தனி டாக்டர்கள் பலரிடம் இந்த ஒழுங்கு இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பார்மசிஸ்ட் எங்கிருந்து வந்தார்? 2019-இல் பக்கத்துப் பக்கத்து சர்ஜரிகளை 30,000 முதல் 50,000 பேருக்கு ஒன்று என்று வலைப்பின்னலாகச் சேர்த்தார்கள். அந்த வலைப்பின்னல் பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், பாராமெடிக் போன்றவர்களை வேலைக்கு வைத்தால் சம்பளத்தை என்.எச்.எஸ் தரும். டாக்டரை வைத்தால் அந்தப் பணம் கிடையாது! 2024 அக்டோபரில்தான் புதிதாகப் பயிற்சி முடித்த ஜிபிகளையும் அதில் சேர்த்தார்கள். ஆக ஐந்து வருடம் ஒரு மேலாளர் முன்னால் இருந்த கணக்கு இதுதான்: சொந்தக் காசில் டாக்டரா, அரசாங்கக் காசில் பார்மசிஸ்டா? நானாக இருந்தாலும் பார்மசிஸ்டைத்தான் எடுத்திருப்பேன்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சர்ஜரியில் போய் அம்மாவின் பெயருக்குப் பொறுப்பான ஜிபி யார் என்று கேளுங்கள். 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2014-இலேயே இது கட்டாயமானது, பிறகு எல்லோருக்கும் வந்தது. அநேகமாக கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பெயர் இருக்கும், அந்த டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருபவராகக்கூட இருக்கலாம், அல்லது எப்போதோ விலகிப் போனவராக இருக்கலாம். பிடித்த டாக்டர் வேறொருவர் என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலேயே நோயாளி ஒரு குறிப்பிட்ட டாக்டரை விரும்புவதாகச் சொல்லலாம், நியாயமான விருப்பம் என்றால் நிறைவேற்ற சர்ஜரி முயல வேண்டும் என்று இருக்கிறது. முயல வேண்டும் என்றுதான் இருக்கிறது, உத்தரவாதம் இல்லை. அதனால் எழுத்தில் கொடுத்து, அம்மாவின் பதிவில் குறிப்பாக ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்னது போன் வைத்ததும் போய்விடும்.

அப்புறம் எதற்கு அந்த டாக்டர், எதற்கு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். எடை குறைகிறது, மறதி வருகிறது, மூச்சு வாங்குகிறது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இப்படி முன்கதை தெரிந்தால்தான் பிடிபடும் விஷயங்களுக்கு அதே டாக்டர் வேண்டும் என்று விடாப்பிடியாக நில்லுங்கள், பத்து நாள் காத்திருந்தாலும் சரி. இன்றைக்கே பார்க்க வேண்டிய காய்ச்சல், இருமலுக்கு யார் கிடைக்கிறாரோ அவர் போதும். மாத்திரைகளை மொத்தமாகச் சரிபார்க்க உண்மையிலேயே பார்மசிஸ்ட்தான் நல்லது, டாக்டரை விட நிதானமாகப் பார்ப்பார். அதற்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஊரிலிருந்து வந்த சூரணம், லேகியம் உட்பட. அதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர், அப்படி மறைத்தால் அந்தச் சரிபார்ப்பே வீண்.

ஒரே டாக்டர் என்பது வெறும் பழக்கப் பாசம் என்று யாராவது சொன்னால், நார்வே ஆய்வைச் சொல்லுங்கள். அங்கே 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2022-இல் வெளியான ஆய்வு: ஒரே ஜிபியிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடமே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இறப்பு விகிதம் சுமார் 25 சதவீதம் குறைவு, அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் ஏறத்தாழ அதே அளவு குறைவு. இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வு, காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு இல்லைதான், ஆனாலும் சின்ன வித்தியாசம் இல்லை.

ரிசப்ஷனிஸ்ட் விசாரிப்பது வம்புக்கு இல்லை, அப்படிக் கேட்கத்தான் அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், யாரிடம் அனுப்புவது என்று பிரிக்க. அந்தரங்கமான விஷயம் என்றால் "இது தனிப்பட்ட விஷயம், டாக்டரிடம்தான் சொல்வேன்" என்று சொல்லலாம், தவறில்லை. காலை 8 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்யும் சண்டையைத் தவிர்க்க ஆன்லைன் படிவத்தைப் பயன்படுத்துங்கள். 2025 அக்டோபர் முதல், அவசரமில்லாத விஷயங்களுக்கு வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை அது திறந்திருக்க வேண்டும். படிவத்தில் சும்மா "டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். வயது, நோய்கள், இந்தப் பிரச்சினை எத்தனை வாரமாக, பதிவில் குறித்த டாக்டரையே பார்க்க விரும்புகிறோம், அதுவரை காத்திருக்கத் தயார், நீண்ட அப்பாயிண்ட்மென்ட் வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இதெல்லாம் முதல் வரிகளிலேயே வரட்டும். சாதாரண அப்பாயிண்ட்மென்ட் பத்து நிமிடம், இடையில் மொழிபெயர்த்தால் பாதி அதிலேயே போய்விடும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நீங்களே போய் மொழிபெயர்ப்பது சௌகரியம்தான், ஆனால் மகள் முன்னால் அம்மா வாயைத் திறக்காத விஷயங்கள் இருக்கும், ஒரு தடவையாவது வெளியாளை வைத்துப் பாருங்கள்.

பார்ப்பவர் டாக்டரா இல்லையா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிசிஷியன் அசோசியேட் என்று ஒரு வகையினர் இருக்கிறார்கள், டாக்டருக்கு உதவியாக வேலை பார்ப்பவர்கள், டாக்டர்கள் இல்லை; அவர்களைப் பற்றி அரசாங்கம் கேட்டுப் பெற்று 2025 ஜூலையில் வந்த லெங் ஆய்வறிக்கை, நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப்படாத நிலையில் வருபவர்களை அவர்கள் பார்க்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. இன்னொரு எச்சரிக்கை: கடைப் பார்மசியிலேயே ஏழு நோய்களுக்கு மருந்து தருகிற திட்டம் 2024-இல் வந்ததல்லவா, அதில் சிறுநீர்த் தொற்று 16 முதல் 64 வயதுப் பெண்களுக்கு மட்டும். அம்மாவுக்கு அது வந்தால் பார்மசிக்கு அலையாமல் நேராக சர்ஜரிக்கே சொல்லுங்கள், அந்த வயதில் அது சட்டென்று முற்றும்.

மூன்று நான்கு மாதம் இப்படி முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் பிராக்டிஸ் மேனேஜருக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் சரியில்லை என்றால் மாறுங்கள். மாறும் முன் பரிசோதனை அதிகாரிகள் தரும் தர மதிப்பீட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அது பாதுகாப்பு, சிகிச்சை, நிர்வாகம் என்று பலவற்றை அளக்கும், உங்களுக்கு வேண்டியதைத் தனியாகக் காட்டாது. வருடா வருடம் வெளிவரும் ஜிபி நோயாளி கருத்துக்கணிப்பில் ஒவ்வொரு சர்ஜரிக்கும், விரும்பியவரைப் பார்க்க முடிகிறதா என்ற கேள்விக்கு வந்த பதில் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். சேர்வதற்கு முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயம் இல்லை, இல்லையென்று திருப்பி அனுப்ப முடியாது. உங்கள் வீடு அதன் சேவை எல்லைக்கு வெளியே இருக்கிற சர்ஜரியிலும் அவர்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அப்படிச் சேர்ந்தவரை வீட்டுக்கு வந்து பார்க்கும் கடமை அவர்களுக்கு இருக்காது. 78 வயது அம்மாவுக்கு அது வேண்டாம், எல்லைக்குள்ளேயே தேடுங்கள்.

எதைச் செய்தாலும், அம்மாவின் சம்மதத்தோடு அவர் சார்பில் பதிவுகளைப் பார்க்கவும் மருந்து ஆர்டர் செய்யவும் உங்களுக்கு அனுமதி தரும் படிவத்தை இந்த வாரமே ரிசப்ஷனில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் நீங்கள் போன் செய்தால், அம்மா பக்கத்தில் இருந்து போனில் சம்மதம் சொன்னாலொழிய அவர்கள் உங்களிடம் எதையும் பேச முடியாது.