ஜாயின் போட்டதும் ஆர்டர்கள் குறைவது ஏன்?

கேள்வி: பக்கத்துக்கு 50 ஆர்டர்கள் காட்டுகிறோம். ஒவ்வொரு ஆர்டரின் பொருட்களையும் லூப்புக்குள் தனிக் குவெரியாக (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எடுத்தபோது பக்கம் மெதுவாக வந்தது. ஆர்டர், பொருள் இரண்டு டேபிள்களையும் இணைக்கும் ஒரே ஜாயினாக மாற்றினேன். இப்போது 17 ஆர்டர்கள்தான் வருகின்றன. கடைசி ஆர்டரில் ஒரு பொருள் குறைகிறது. எங்கே தவறு?

பதில்: லிமிட் 50 என்பது ஆர்டர்களை எண்ணுவதில்லை, ஜாயினுக்குப் பின் வரும் ரோக்களை (டேபிள் வரிகளை) எண்ணுகிறது. ஆர்டருக்கு மூன்று பொருட்கள் என்றால் 16 ஆர்டர்களுக்கே 48 ரோ ஆகிவிடும். 17-ஆவதுக்கு மிஞ்சுவது இரண்டு.

பேமென்ட் டேபிளையும் இதே ஜாயினில் சேர்த்தால் இன்னும் ஆபத்து. 4 பொருட்கள், 2 பேமென்ட் உள்ள ஆர்டர் 8 ரோவாகப் பெருகும், பொருட்களின் கூட்டுத்தொகை இரட்டிப்பாகும். ஒரே மாதிரியான ரோக்களை நீக்கும் டிஸ்டிங்க்ட் இதைச் சரிசெய்யாது, ஏனெனில் அந்த 8 ரோக்களும் ஒன்றுக்கொன்று வேறானவை.

குவெரியை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது ஆர்டர் டேபிளை மட்டும் தொடட்டும்: தேதி, பிறகு ஐடி என்று வரிசைப்படுத்தி லிமிட் 50. தேதி மட்டும் போதாது. ஒரே தேதியுள்ள ஆர்டர்கள் பக்கம் மாறும்போது இடம் மாறக்கூடும். கிடைத்த ஐடிகளை இன் (IN) நிபந்தனையில் கொடுத்து, பொருட்கள் எல்லாவற்றையும் இரண்டாம் குவெரியில் எடுங்கள். லூப்பில் 51 ஆக இருந்தது 2 ஆகிவிடும்.

பிறகு மேப்பிங். ஆர்டர் ஐடியைச் சாவியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் காலிப் பட்டியல் கொண்ட ஒரு மேப் உருவாக்கி, பொருள் ரோக்களை அதனதன் பட்டியலில் சேருங்கள். பொருளே இல்லாத ஆர்டருக்குக் காலிப் பட்டியல் அப்படியே நிற்கும். லெஃப்ட் ஜாயினில் அந்த இடத்தில் நல் (NULL, வெற்று) மதிப்புகள் நிறைந்த ஒரு பொய்ப் பொருள் முளைத்திருக்கும்.

மேப்பில் எதுவும் சேராமல் போனால் சாவியின் டைப்பைப் பாருங்கள். நோடுக்கான (Node.js) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டிரைவர் பிக்இன்ட் (பெரிய முழு எண்) மதிப்பை இயல்பாக ஸ்டிரிங்காகவே (எழுத்துத் தொடராகவே) தரும். எண் 7-உம் ஸ்டிரிங் "7"-உம் மேப்புக்கு வேறு வேறு.

ஐடிப் பட்டியல் காலியாக இருந்தால் இரண்டாம் குவெரியை ஓட்டவே வேண்டாம். காலியான இன் நிபந்தனை போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் பிழை தரும். பட்டியல் பெரிதானால் துண்டு துண்டாக அனுப்புங்கள்: எஸ்கியூஎல் சர்வரில் ஒரு குவெரிக்கு 2100 பாராமீட்டர்தான் (குவெரிக்குத் தனியாகத் தரும் மதிப்புகள்) வரம்பு.

பொருள் டேபிளில் ஆர்டர் ஐடிக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அமைப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபாரின் கீ (வேறு டேபிளின் ஐடியைச் சுட்டும் இணைப்பு) வைத்தால் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தானே இன்டெக்ஸ் உருவாக்கும், போஸ்ட்கிரெஸ் உருவாக்காது.