முகவரியில் காற்புள்ளி எங்கே இடுவது என்று குழந்தைக்கு எப்படிச் சொல்லித்தருவது?

நான்காம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் முகவரி எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் காற்புள்ளி இடுகிறாள், அல்லது எங்குமே இடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "வரி முடிந்தால் காற்புள்ளி, கடைசியில் முற்றுப்புள்ளி" என்று பலமுறை சொல்லியும் பயனில்லை என்கிறீர்கள். அந்த விதி சரியானதுதான். ஆனால் வரி எங்கே முடிய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் குறிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீடு எங்கே இருக்கிறது என்று அவளை வாயால் சொல்லச் சொல்லுங்கள். "மதுரையில் கே.கே. நகரில் மூன்றாவது தெருவில் 12ஆம் எண் வீடு" என்பாள். பேச்சில் நாம் பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு வருகிறோம். ஒவ்வொரு இடத்தையும் 'இல்' என்ற உருபு பிரித்துக் காட்டிவிடுவதால் குறி எதுவும் தேவைப்படுவதில்லை. உறை மேல் எழுதும்போது இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நிகழ்கின்றன: வரிசை தலைகீழாகிறது, உருபுகள் மறைகின்றன. உருபு இருந்த இடத்தில் இப்போது காற்புள்ளி நின்றாக வேண்டும். இதை ஒருமுறை பார்த்துவிட்ட குழந்தை, காற்புள்ளியை அலங்காரமாக நினைப்பதில்லை. "இங்கே 'இல்' சொல்ல முடியுமா?" என்று தானே கேட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும். 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்பதில் 'அரசில்' என்று சொல்ல முடியாது. ஆகவே அந்தப் பெயருக்கு நடுவில் காற்புள்ளி வராது. சொல்லுக்குச் சொல் காற்புள்ளி இடும் பழக்கம் பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே நின்றுவிடும்.

அடுத்து, குறி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டும். பலகையில் "அண்ணா நகர் மேற்கு சென்னை" என்று குறியில்லாமல் எழுதிப் படிக்கச் சொல்வேன். பாதிப் பேர் 'மேற்கு சென்னை' என்று சேர்த்துப் படிப்பார்கள். சென்னையில் அண்ணா நகர் மேற்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது. காற்புள்ளி 'மேற்கு' என்பதற்குப் பின்னால்தான் வர வேண்டும். எண்களில் இன்னும் கவனம் வேண்டும். "12 3ஆவது தெரு" என்று நெருக்கி எழுதினால் 123ஆவது தெரு என்றே கண் படிக்கும். "12, 3ஆவது தெரு" என்று எழுதிக் காட்டியதும் வகுப்பே தலையாட்டும். நூறு முறை விதியைச் சொல்வதைவிட இப்படி ஒரு குழப்பத்தைக் கண்முன் காட்டுவது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

புள்ளியைத் தனி நாளில் சொல்லிக்கொடுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் குழம்பும். தலைப்பெழுத்துக்குப் பின்னும், சுருக்கி எழுதிய சொல்லுக்குப் பின்னும் புள்ளி வரும்: சு. மலர்விழி, தி. நகர். பெயரோடு பட்டம் வந்தால் 'எம்.ஏ.,' என்று புள்ளியும் காற்புள்ளியும் அடுத்தடுத்து நிற்கும். அது பிழை இல்லை. புள்ளி சுருக்கத்துக்கு உரியது, காற்புள்ளி வரிக்கு உரியது. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஊருக்குப் பின் சிறு கோடு, அஞ்சல் குறியீட்டு எண், முற்றுப்புள்ளி. "மதுரை - 625 020." என்று முடியும். ஆறு இலக்கம் என்பதால் இலட்சக் கணக்கைப்போல 6,25,020 என்று காற்புள்ளி இடும் குழந்தைகளும் உண்டு. அது எண்ணிக்கை இல்லை, இடத்தின் அடையாளம் என்று விளக்க கே.கே. நகரே உதவும். சென்னை, திருச்சி, மதுரை மூன்றிலும் அந்தப் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது: சென்னையில் 600 078, திருச்சியில் 620 021, மதுரையில் 625 020. முதல் இலக்கமான 6 மூன்றுக்கும் பொது. முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே எந்த ஊர்ப் பக்கம் என்று தெரிந்துவிடும். 1972 ஆகஸ்ட் 15 முதல் இந்த எண் நடைமுறையில் இருக்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லலாம்.

ஆங்கிலப் பாடத்தில் வரியின் இறுதியில் காற்புள்ளி இல்லாமல் எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அதுவும் பிழை இல்லை. வரி மாறுவதே இடங்களைப் பிரித்துவிடுகிறது என்பது அங்கே உள்ள நியாயம். அமெரிக்க அஞ்சல் துறை உறை மேல் நிறுத்தக்குறிகளே இல்லாமல் இருப்பதைத்தான் விரும்புகிறது. ஆனால் அதே முகவரியை ஒரே வரியில் எழுதினால் தமிழிலும் ஆங்கிலத்திலும் காற்புள்ளி தேவை. நம் தமிழ்த் தேர்வில் கடிதத்துக்கு 'உறைமேல் முகவரி' எழுதும்போது வரிதோறும் காற்புள்ளி இடுவதே வழக்கம். மகள் அப்படியே பழகட்டும்.

பயிற்சிக்கு ஒரு அஞ்சலட்டை வாங்கிக் கொடுத்து, வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கோ அத்தைக்கோ அவள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதில் குறியீட்டு எண்ணுக்கென ஆறு கட்டங்கள் அச்சிட்டிருக்கும். கட்டத்துக்கு ஒரு இலக்கம், அதற்குள் எந்தக் குறியும் வேண்டாம்.