விர்ச்சுவல்பாக்ஸிலிருந்து வைரஸ் வெளியே தாவுமா?

சந்தேகமான கோப்புகளை விர்ச்சுவல்பாக்ஸில் (லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) திறந்து பார்க்கிறேன், வைரஸ் லேப்டாப்புக்குத் தாவுமா என்று கேட்டிருந்தீர்கள். தாவலாம், ஆனால் அபூர்வம். 2018 நவம்பரில் அதன் இ1000 என்ற மெய்நிகர் நெட்வொர்க் கார்டின் நிரலில் அப்படியொரு ஓட்டை வெளியானது. என்ஏடி முறையில் (மெய்நிகர் கணினி உங்கள் லேப்டாப் வழியாக இணையத்துக்குப் போகும் முறை) அந்தக் கார்டு இருந்தாலே போதும், அதுதான் இயல்பாக வரும் அமைப்பும்கூட! மெய்நிகர் கணினிக்குள் ரூட் அதிகாரம் (முழுக் கட்டுப்பாடு) பிடித்தவர் வெளியே வந்து உங்கள் லேப்டாப்பிலேயே நிரல் ஓட்டலாம். 5.2.22 பதிப்பில் அடைத்துவிட்டார்கள். பழைய பதிப்பு என்றால் உடனே அப்டேட் செய்யுங்கள்.

என்னை உறுத்தியது வேறு. லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை எழுதும் உரிமையோடு மெய்நிகர் கணினிக்கு ஷேர் செய்திருக்கிறீர்களே! கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு ஓட்டையே தேவையில்லை, கதவு திறந்துதான் கிடக்கிறது. முதலில் அதை எடுங்கள், அப்புறம் கிளிப்போர்டு (காப்பி-பேஸ்ட்) பகிர்வையும். கோப்பை ஓட்டும்போது நெட்வொர்க்கைத் துண்டித்து வையுங்கள். வேலை முடிந்ததும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்து வைத்த சுத்தமான நிலை) திரும்பிவிடுங்கள்.