இனக் கட்சிகள்தான் சமூகப் பிளவுக்குக் காரணமா? அதிகாரப் பகிர்வு அதை அதிகரிக்குமா?

கட்சிகள் பிளவை ஊதிப் பெருக்கும். ஆனால் விதை பெரும்பாலும் சட்டத்திலேயே இருக்கும். இலங்கையில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் மொழியை மறந்து வாக்குக் கேட்க யாரால் முடிந்திருக்கும்?

பகிர்வு இனக் கட்சிகளை அழித்துவிடாது. பெல்ஜியத்தின் அமைச்சரவையில், பிரதமர் நீங்கலாக, டச்சு மொழியினரும் பிரெஞ்சு மொழியினரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. அங்கே கட்சிகள் இன்றும் பெரும்பாலும் மொழிவாரியாகவே பிரிந்து நிற்கின்றன. 2010–11இல் 541 நாள் அரசமைக்க முடியாமல் இழுபட்டார்கள். ஆனாலும் சண்டை பேச்சுவார்த்தை மேசையைத் தாண்டவில்லை.

இங்கே இலங்கையில், 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபையைத் தந்தது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் காகிதத்தோடு நின்றன. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன் பின் தேர்தலே இல்லை. இதைப் பகிர்வின் தோல்வி என்பது, சமைக்காத சோற்றில் உப்பில்லை என்பது போன்றது.

இனக் கட்சி மறைக்கும் உட்பிளவுகளும் உண்டு. 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதியைச் சொல்லி உள்ளே விடாமல் தடுத்தவர்களும் தடுக்கப்பட்டவர்களும் தமிழர்களே. கட்சிக்கு வாக்களித்து, அதன் வேட்பாளர்களிலும் விரும்பியவரைத் தெரியும் விருப்பு வாக்கு முறையோ ஒரே கட்சி வேட்பாளர்களையே மோதவிடுகிறது: ஒரே சின்னம், வேறு வேறு இலக்கம், ஒருவர் சுவரொட்டிமேல் மற்றவர் சுவரொட்டி.

2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை, தமிழ்க் கட்சியல்லாத, நாடு தழுவிய தேசிய மக்கள் சக்தி பெற்றது. இனவாரி வாக்கு முடிந்தது என்று இதைப் படிப்பது அவசரம். தமிழ்க் கட்சிகள் பல துண்டாகப் போட்டியிட்டதும் கணக்கில் வர வேண்டும்.