சட்டக் கேள்வி-பதில்: எல்லையோர ஊர்களில் இலவச ஆலோசனை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலிருந்தும் மூணாறுப் பகுதியிலிருந்தும் தமிழ் வாசகர்கள் எழுதிய கடிதங்களில், இலவச சட்ட ஆலோசனை மையங்களைப் பற்றியவை இம்முறை கூடுதலாக இருந்தமையால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: கோவையில் சட்டம் படித்து, தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்து, இரண்டு ஆண்டுகளாகப் பொள்ளாச்சியில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. ஊர் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச ஆலோசனை வழங்க விரும்புகிறேன். கேரளத்தில் அதற்கு எனக்கு உரிமை உண்டா? என் அனுபவம் போதுமா?
*– இளம் வழக்கறிஞர், கொழிஞ்சாம்பாறை*

பதில்: உரிமை உண்டு. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆவது பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வழக்கறிஞர் இந்தியா முழுவதும் தொழில் செய்யலாம். வருங்காலத்தில் சித்தூரிலேயே நிலையாகத் தொழில் நடத்த எண்ணினால், அதே சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி கட்டணமின்றிப் பதிவைக் கேரளத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இயலாதவருக்கு இலவசமாக உதவுவது வழக்கறிஞரின் தலையாய கடமைகளுள் ஒன்று என்று இந்திய பார் கவுன்சிலின் 46ஆவது விதி கூறுவதால், உங்கள் விருப்பம் தொழிலுக்குப் புறம்பானதும் அன்று.

அனுபவம் பற்றிய கேள்விக்குத்தான் சற்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இலவச சட்ட உதவி தரும் அரசு அமைப்பான சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேரப் பொதுவாக மூன்று ஆண்டு அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. தனிப்பட்ட முறையில் நடத்தும் மையத்துக்கு அந்தக் கணக்கு இல்லை என்றாலும், தனியாக உட்கார வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் பொள்ளாச்சியில் கற்ற சட்டத்தில் ஒரு பகுதி எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் செல்லாது. வீட்டு வாடகைத் தகராறு என்றால், தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். கேரளத்திலோ 1965ஆம் ஆண்டின் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே நடக்கிறது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலும் கேரளத்தில் 2012ஆம் ஆண்டிலும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. நிலச் சட்டங்களின் வேறுபாட்டைச் சொல்லி மாளாது. ஆகவே சித்தூர் நீதிமன்றங்களில் பழகிய ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வட்டச் சட்டப் பணிகள் குழுவின் செயலாளரைச் சந்தித்து, பட்டியல் வழக்கறிஞர் வரும் நாள்களில் உடனிருந்து உதவ அனுமதி கேளுங்கள். தமிழில் பேசவும் எழுதவும் தெரிந்த இளைஞர் ஒருவர் வலிய வந்து கேட்டால், தமிழர் மிகுந்த கிழக்குப் பஞ்சாயத்துகளின் நிலை அறிந்த எந்தச் செயலாளரும் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் வாசகசாலையில் மாதம் இருமுறை சட்ட ஆலோசனை நடத்த வழக்கறிஞர்கள் இருவர் முன்வந்துள்ளனர். மேசை நாற்காலி தவிர வேறு என்ன ஏற்பாடு வேண்டும்? ஊர் சிறியது, ஒரே தகராறின் இரு தரப்பும் வந்து நின்றால் என்ன செய்வது?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், எருத்தேம்பதி*

பதில்: ஐயா, மேசை நாற்காலியைவிட முக்கியமானது அவற்றை எங்கே போடுகிறீர்கள் என்பது. நாளிதழ் படிக்க வந்தவர்கள் காதில் விழும்படி ஒரு பெண் தன் குடும்பச் சிக்கலைச் சொல்ல மாட்டார். சொல்வதும் பாதியாகத்தான் இருக்கும். கதவுள்ள ஓர் அறை வேண்டும். உடன் வந்த கணவரோ அண்ணனோ மாமனாரோ யாராக இருந்தாலும் வெளியே இருக்கட்டும். வாடிக்கையாளர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற பாதுகாப்பு இன்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023இன் 132ஆவது பிரிவில் உள்ளது. அது மொழிபெயர்ப்பாளரையும் வழக்கறிஞரின் எழுத்தரையும் கட்டுப்படுத்துகிறது. மலையாளம் மட்டும் தெரிந்த வழக்கறிஞருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழைச் சொல்லித் தரும் உங்கள் வாசகசாலை இளைஞருக்கு இதை முதல் நாளே விளக்கிவிடுங்கள்.

இரு தரப்பும் வருவதைப் பற்றி நீங்கள் முன்கூட்டியே யோசித்தது நல்லது, ஏனெனில் அது கட்டாயம் நடக்கும். வந்தவரின் பெயரையும் எதிர்த்தரப்பின் பெயரையும் மட்டும் குறிக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். அதில் விவகாரத்தை எழுத வேண்டாம். ஒருவர் தன் கதையைத் தொடங்குமுன் அந்த ஏட்டைப் பார்த்துவிட வேண்டும். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் அதே விவகாரத்தில் மறுதரப்புக்காக வாதிடக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 33ஆவது விதி. இலவசமாகச் சொன்னாலும் ஆலோசனை ஆலோசனைதான். உங்களிடம் இருவர் இருப்பதால், ஆளுக்கொரு தரப்பு என்று பிரித்துக்கொள்ளத் தோன்றும். அவர்கள் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் அதுவும் சரியன்று. இரண்டாவதாக வந்தவரைச் சித்தூரில் உள்ள வட்டக் குழுவுக்கு அனுப்பிவிடுவதே முறை.

அடுத்து, கேட்கும் ஒழுங்கு. வந்தவர் பெரும்பாலும் தமக்கு இழைக்கப்பட்ட அநியாயத்திலிருந்து தொடங்குவார். அவரைச் சிறிது நேரம் பேசவிட்ட பின், வழக்கறிஞர் இரண்டைக் கேட்டறிய வேண்டும். ஒன்று, சம்பவமோ சொத்தோ எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது. மற்றது, எந்தத் தேதியில் நடந்தது. முதலாவது, போக வேண்டிய இடத்தைத் தீர்மானிக்கிறது. பொள்ளாச்சியில் உள்ள வட்டிக்காரர் வாங்கி வைத்த காசோலையை அங்குள்ள தம் வங்கிக் கணக்கில் போட்டுத் திரும்பியிருந்தால், வழக்கு அந்தக் கிளை இருக்கும் ஊரில்தான் வரும். எருத்தேம்பதிக்காரர் அங்கே போய்த்தான் ஆஜராக வேண்டும். அவருக்கான சட்ட உதவியும் பொள்ளாச்சியின் வட்டக் குழுவிடமிருந்தே கிடைக்க வேண்டும். ஆனால் சாலை விபத்து தமிழ்நாட்டில் நடந்திருந்தாலும், இழப்பீட்டு மனுவை மனுதாரர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்தில் போடலாம். நுகர்வோர் புகாரும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வாறே. குற்றம் எந்தப் பக்கம் நடந்திருந்தாலும், அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயின், எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

தேதி அதைவிட முக்கியம். கடன் தொகையைத் திரும்பக் கேட்க 3 ஆண்டு, நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு. காசோலை திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாள். அது கடந்தபின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஆலோசனை மையம் செய்யக்கூடிய பெரிய தீங்கு தவறான சட்டத்தைச் சொல்வதன்று. ‘அடுத்த மாதம் வாருங்கள், பார்க்கலாம்’ என்று சொல்லிக் கெடுவைத் தவறவிடுவது.

ஆகவே ஒவ்வொருவரும் ஒரு தாளோடு வீடு திரும்ப வேண்டும். எங்கே போக வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்த ஆவணங்களோடு என்ற மூன்றையும் தமிழில் எழுதி, வழக்கறிஞர் கையெழுத்திட்டு, ஒரு நகலை மையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூல ஆவணங்களை ஒருபோதும் வாங்கி வைக்க வேண்டாம். எல்லைக்கு இருபுறமும் நிலம் உள்ள குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் உண்டு. தமிழ்நாட்டு நிலத்துக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. கேரள நிலத்துக்கு மூல ஆதாரம் (மூலப் பத்திரம்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது, தண்டப்பேர் எண் (நிலவரிக் கணக்கு எண்), கைவசச் சான்று என்று இரு பட்டியல்களை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். 1949 வரை சித்தூர் கொச்சி இராச்சியத்தில் இருந்தமையால், தாத்தா காலத்துப் பத்திரங்களைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் அறிந்து வையுங்கள்.

மனுவைத் தமிழில் எழுதலாமா என்று உங்களிடம் கேட்பார்கள். அரசு அலுவலகத்துக்கான குறைதீர் மனுவை, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தர அரசமைப்பின் 350ஆவது கூறு உரிமை தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இடமளித்திருக்கிறது. உரிமை இருக்கிறது என்பதற்காக அவசர மனுவையும் தமிழில் மட்டும் கொடுத்து, மொழிபெயர்ப்புக்காக அது மேசையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மலையாளப் படி ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: இலவச மையத்தில் சந்தித்தவரின் வழக்கைப் பிறகு கட்டணம் பெற்று நான் நடத்தலாமா?
*– வழக்கறிஞர், சித்தூர்*

பதில்: ஆணைக்குழு உங்களிடம் ஒப்படைத்த வழக்கு என்றால், கட்சிக்காரரிடம் ஒரு ரூபாயும் பெறக் கூடாது. தனியார் மையம் என்றாலும், நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்குப் பிடிப்பதைத் தடுக்கும் 36ஆவது விதி உங்கள் எதிரே நிற்கிறது. அவரே வற்புறுத்திக் கேட்டால் என்ன என்பீர்கள். அப்போதும் வேண்டாம் என்பேன். நீங்கள் ஒருவர் ஒரு வழக்கை அவ்வாறு எடுத்தால், அடுத்த முறை வருபவர்கள் உங்கள் சொல்லை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கேள்வி: கணவர் உடுமலையில் இருக்கிறார். குழந்தையுடன் தாய்வீட்டுக்கு வந்து ஓராண்டு ஆகிறது. ஜீவனாம்ச வழக்குக்கு உடுமலைக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். இலவச உதவிக்கு வந்த வழக்கறிஞர் ஒருவர் ‘கோர்ட் செலவு’ என்று பணமும் கேட்டார். அப்பா கூலி வேலை செய்கிறார்.
*– வாசகி, வடகரப்பதி*

பதில்: அம்மா, நீங்கள் உடுமலைக்குப் போக வேண்டியதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கேட்க, மனைவி வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்று 145ஆவது பிரிவு கூறுகிறது. கொடுமையும் நடந்திருந்தால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்தின் குற்றவியல் நடுவரையே அணுகலாம்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆவது பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி தருகிறது. அப்பாவின் வருமானச் சான்றுக்காக நீங்கள் அலைய வேண்டாம். நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும் அந்த உதவியில் அடங்கும். பணம் கேட்டவர் ஆணைக்குழு நியமித்தவர் என்றால், தேதியையும் கேட்ட தொகையையும் குறிப்பிட்டு மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுதி, வேறு வழக்கறிஞரைக் கேளுங்கள். பெண் வழக்கறிஞர் வேண்டும் என்றும் கேட்கலாம். அலுவலகத்துக்குப் போக இயலாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

கேள்வி: மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதி. இங்கே சாதிச் சான்று தர மறுக்கிறார்கள். சான்று இல்லாததால் இலவச சட்ட உதவியும் கிடைக்காது என்கிறார்களே?
*– தோட்டத் தொழிலாளி, மூணாறு*

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர் என்ற காரணம், முன்சொன்ன 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் உள்ள பல காரணங்களுள் ஒன்று மட்டுமே. தொழிலாளர், பெண், மாற்றுத்திறனாளி, பேரிடரில் பாதிக்கப்பட்டவர், காவலில் உள்ளவர், மாநிலம் நிர்ணயித்த வருமான வரம்புக்கு உட்பட்டவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரிமை உண்டு. தோட்டத் தொழிலாளி என்ற உங்கள் அடையாள அட்டையோடு விண்ணப்பியுங்கள். சாதிச் சான்று கேட்டு யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

சான்று பற்றிய சிக்கல் கடினமானது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்தத் தகுதியை இடஒதுக்கீட்டுக்காகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் பீர் சிங் வழக்கிலும் உறுதிசெய்தது. ஆனால் பட்டியல் சாதிகளை வரையறுத்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே உங்கள் முன்னோர் இங்கு நிலையாக வாழ்ந்திருந்து, உங்கள் சாதி கேரளப் பட்டியலிலும் இருந்தால், நீங்கள் குடிபெயர்ந்தவராகக் கருதப்பட மாட்டீர்கள். ஆகவே வாதம் முழுவதும் பழைய ஏடுகளில்தான் இருக்கிறது: தோட்ட நிர்வாகத்தின் ஆள் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, அந்தக் காலத்து ஊதியச் சீட்டு. இவற்றைத் தேடி எடுத்து வரிசைப்படுத்தித் தரும் வேலைக்கு, தமிழறிந்த சட்டத் தன்னார்வலர் ஒருவர், நீதிமன்றத்தில் வாதிடும் வழக்கறிஞர் அளவுக்கே பயன்படுவார். தேவிகுளம் வட்டக் குழுவிடம் அப்படி ஒருவரைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளும்படி ஆலோசனை மையத்தில் நெருக்குகிறார்கள். மறுக்கலாமா?
*– வாசகர், மீனாட்சிபுரம்*

பதில்: தாராளமாக மறுக்கலாம். உடன்பாடு ஏற்படாவிட்டால் வழக்கு, வந்த நீதிமன்றத்துக்கே திரும்பும். உங்களுக்கு அதனால் எந்தப் பாதகமும் இல்லை. ஆனால் கையெழுத்திட்ட சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மையான நன்மை என்றாலும், அதற்காக மட்டும் கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்குப் போய் ஒருநாள் யோசிக்க அவகாசம் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரின் ஆலோசனையை ஏற்க வேண்டியதில்லை.